கணவருக்கு நீர்த்தது, மனைவிக்குக் குறைந்தது

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். எனக்கு வயது 48, என் மனைவிக்கு 42. ஐந்து மாதங்களாக இருவரும் விடியற்காலையில் சில்வர் பீச்சில் முக்கால் மணி நேரம் விரைந்து நடக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் புதுச்சேரி சாலையில் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். சென்ற ஆண்டு, நடக்கத் தொடங்குவதற்கு முன், எனக்கு ஹீமோகுளோபின் 15.2, அவருக்கு 11.8. சென்ற திங்கட்கிழமை எடுத்தபோது எனக்கு 14.4, அவருக்கு 10.6. கல்லீரல் பரிசோதனையில் எனக்கு எஸ்.ஜி.ஓ.டி. 62 என்று கூடுதலாக வந்திருக்கிறது. மதுப் பழக்கம் இல்லை. உடன் நடக்கும் நண்பர் ஒருவர், "மூச்சு வாங்க வாங்க ஆக்சிஜன் அதிகமாக உள்ளே போகும்; உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதுபோல் ரத்தமும் துருப்பிடிக்கும்" என்று சொல்லி, வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட் மாத்திரைகளை இருவரையும் சாப்பிடச் சொல்கிறார். மனைவிக்கு முன்பு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் பாதி அட்டை வீட்டில் இருக்கிறது. அதையும் இருவரும் சாப்பிடலாமா? நடையை நிறுத்த வேண்டுமா? ஆணுக்கும் பெண்ணுக்கும் இதன் விளைவு ஒன்றுதானா? அவருக்கு மாதவிடாய் ஏழெட்டு நாட்கள் நீடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, இரண்டு ஆண்டுகளின் பரிசோதனைத் தாள்களையும் முழுமையாக இணைத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் எழுதியிருந்தால், உங்கள் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லி நானும் தவறியிருக்கக்கூடும். நடையை இருவருமே நிறுத்த வேண்டாம். வைட்டமின் சி, இ மாத்திரைகள் இருவருக்குமே வேண்டாம். இரும்புச்சத்து உங்கள் மனைவிக்குத் தேவைப்படும் என்றே தோன்றுகிறது. உங்களுக்குத் தேவையில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. இனி இவற்றுக்கான காரணங்களைச் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் எனப்படும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கற்பனையன்று. உயிருள்ள செல்களில் ஆக்சிஜன் எரிபொருளைச் சக்தியாக மாற்றும்போதும், வேறு சில நொதிகள் வேலை செய்யும்போதும், சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைத்துடிப்பு மிக்க பொருள்கள் உண்டாகின்றன. அவை கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்க வல்லவை. சோர்ந்து விழும்வரை ஓடவைத்த எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் இத்தகைய பொருள்களின் அளவு இரண்டு மூன்று மடங்காகக் கூடுவதை 1982ஆம் ஆண்டிலேயே நேரடியாக அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் "ஆக்சிஜன் எவ்வளவு போகிறதோ அவ்வளவு நஞ்சு" என்னும் கணக்குத் தவறானது. ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறோம். விரைந்து நடக்கும்போது அது ஏறக்குறைய ஒரு லிட்டராகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குவரை ஃப்ரீ ராடிக்கலாகக் கசிகிறது என்று ஒரு காலத்தில் பாடநூல்களில் எழுதிவந்தார்கள். அது மிகையான மதிப்பீடு என்பது பின்னர் தெரிந்தது. தசை சுறுசுறுப்பாக உழைக்கும்போது செல்லின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாவில் கசிவு விகிதம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்றும், உழைப்பின்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்களில் பெரும்பங்கு தசைச் செல்லின் உறையை ஒட்டிய வேறு நொதிகளிலிருந்து வருகிறது என்றும் இப்போது அறிகிறோம். ஆகவே நான்கு மடங்கு ஆக்சிஜனை உள்வாங்குவதால் நான்கு மடங்கு சேதம் என்று கணக்கிட வேண்டியதில்லை.

துரு என்னும் உவமை இங்கேதான் நம்மைத் தவறான வழிக்குக் கொண்டுபோகிறது. கடலூரில் வீடு கட்டியவர் எவரும் ஜன்னல் கம்பிக்கு வண்ணம் பூசியே ஓய்ந்திருப்பார் என்பது உண்மைதான். ஆனால் கம்பிக்குத் தன்னைத்தானே செப்பனிடத் தெரியாது, உடலுக்குத் தெரியும். தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவரின் உள்ளங்கையைப் பார்த்திருப்பீர்கள். முதன்முறை வலைக்கயிற்றைப் பிடிப்பவருக்குக் கை கொப்புளித்துவிடும். நாள்தோறும் பிடிப்பவருக்கு அதே உராய்வினால் தோல் காய்த்துப்போகிறது. உடற்பயிற்சியில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறிய அளவில் அப்படிப்பட்ட உராய்வுதான். அது செல்லுக்கு ஒரு சமிக்ஞையாகச் செயல்பட்டு, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டத்தயோன் பெராக்சிடேஸ் போன்ற தற்காப்பு நொதிகளைக் கூடுதலாகச் செய்யத் தூண்டுகிறது. புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாகவும் உதவுகிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்கள் ஒரு முறை கடுமையாக ஓடியவருடைய ரத்தத்தில் அன்றைக்குக் கூடியிருப்பதும், மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்பவருடைய ரத்தத்தில் ஓய்வு நேரத்தில் குறைந்திருப்பதும் இதனால்தான். வாரம் முழுதும் அசையாமல் இருந்துவிட்டு ஞாயிறு ஒரு நாள் மட்டும் மூச்சிரைக்க ஓடுபவர், தினமும் நடப்பவரைவிடக் கூடுதலான அழுத்தத்துக்கு ஆளாகிறார்.

வைட்டமின் மாத்திரைகளை நான் மறுப்பதற்கும் இதுவே காரணம். வலை இழுக்கப் பழகுபவருக்கு முதல் நாளிலிருந்தே கையுறை மாட்டிவிட்டால் கொப்புளம் வராது. தோல் காய்க்கவும் காய்க்காது. 2009ஆம் ஆண்டு ஜெர்மனியில் இளம் ஆண்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வில், நான்கு வாரப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் இ 400 யூனிட்டும் கொடுத்தார்கள்; உங்கள் நண்பர் சொன்ன அதே அளவுகள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை மேம்பட்டது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை, தற்காப்பு நொதிகளும் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. ஆய்வு சிறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏறத்தாழ 35,000 ஆண்கள் பங்கேற்ற மற்றோர் ஆய்வில் வைட்டமின் இ 400 யூனிட்டை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2011இல் வெளிவந்ததை, 48 வயதில் இருக்கும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். உங்கள் மனைவியைப் பொறுத்தவரை, அதிக அளவு வைட்டமின் இ ரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடியது. மாதவிடாய்ப் போக்கு அதிகமாக உள்ள ஒருவருக்கு அது வேண்டாத துணை. உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமின் சிக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். தொடர்ந்து நடக்கவும் ஓடவும் தொடங்கிய சில நாட்களிலேயே, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகத் தொடங்குகிறது. வெயிலையும் வியர்வையையும் சமாளிக்கவும், ஒரு துடிப்பில் இதயம் கூடுதலான ரத்தத்தை அனுப்பவும் உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சிவப்பணுக்களின் மொத்த அளவு கூடுவதற்கோ வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. உங்கள் எடைக்கு ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டால், டெசிலிட்டருக்கு 15.2 கிராம் வீதம் 760 கிராம் ஹீமோகுளோபின் அதில் இருந்தது. அதில் ஒரு கிராம்கூடக் குறையாமல், பிளாஸ்மா மட்டும் 300 மில்லிலிட்டர் கூடினால், அதே 760 கிராம் இப்போது 5.3 லிட்டரில் பரவி, அளவு 14.3 ஆகக் காட்டும். உங்களுடையது 14.4. குழம்பில் ஒரு குவளை வெந்நீர் சேர்த்தால் உப்பின் சுவை குறையுமே தவிர, போட்ட உப்பு குறைந்துவிடாது. மேலும், சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. உங்களுக்குச் சென்ற ஆண்டும் 88, இந்த ஆண்டும் 88. நீர்த்துப்போன ரத்தத்தில் செல்களின் எண்ணிக்கை நெருக்கம் குறையும். செல்லின் பருமன் மாறாது. உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கு வகுத்துள்ள எல்லை 13 என்பதால், உங்களுக்கு ரத்தசோகை என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை.

எஸ்.ஜி.ஓ.டி. குறித்தும் கலங்க வேண்டாம். அந்த நொதி கல்லீரலில் மட்டுமன்றித் தசையிலும் நிறைய இருக்கிறது. கல்லீரலுக்கு அதிகம் உரிய எஸ்.ஜி.பி.டி. உங்களுக்கு 34 என்ற அளவில் சரியாகவே உள்ளது. ஞாயிறு 10 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திங்கள் காலை ரத்தம் கொடுத்தவரின் தாளில் தசையின் கணக்கு கல்லீரலின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. புதுச்சேரிக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு, மதுப் பழக்கம் இல்லை என்று சொன்னாலும் பரிசோதனைக்கூடத்தில் நம்பியிருக்க மாட்டார்கள், நான் நம்புகிறேன். நான்கைந்து நாட்கள் ஓடாமல் இருந்துவிட்டு அதை மட்டும் மறுபடி பாருங்கள். அப்போதும் கூடுதலாகவே இருந்தால் கல்லீரலை ஆராய வேண்டும்.

உங்கள் மனைவியின் தாள் வேறு கதை. பெண்களுக்கான எல்லை 12. சென்ற ஆண்டு, நடக்கத் தொடங்குவதற்கு முன்பே, அவருக்கு 11.8 என்றுதான் இருந்தது. அப்போது அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே நம் வீடுகளில் அதை நோயென்று எண்ணாமல் பெண்களின் இயல்பான களைப்பென்று எண்ணிவிடுகிறோம். இந்த முறை அவருக்கு ஹீமோகுளோபினோடு எம்.சி.வி.யும் 82இலிருந்து 75க்கு இறங்கியிருக்கிறது. பிளாஸ்மா பெருகுவதால் செல் சிறுத்துப்போகாது. பிறவியிலேயே சிறிய செல்கள் அமைந்த தலசீமியா வகையினருக்குச் சென்ற ஆண்டும் அப்படியே இருந்திருக்கும். ஓராண்டுக்குள் செல்கள் சிறுத்திருப்பது, எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போதாமல் போனதையே பெரும்பாலும் காட்டுகிறது.

அந்த இரும்பு எங்கே போயிற்று? ஓடும்போது கால் தரையில் மோதுவதால் பாதத்து நாளங்களில் சில சிவப்பணுக்கள் உடைவதும், வியர்வையில் சிறிது இரும்பு வெளியேறுவதும் உண்மை. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரரின் சிறுநீர் கறுத்துப்போனதை 1881லேயே ஒரு ஜெர்மானிய மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் மணலில் முக்கால் மணி நேரம் நடக்கும் ஒருவருக்கு இந்த இழப்புகள் ஒரு மில்லிகிராமின் சிறு பின்னமே. மாறாக, மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்குமேல் ரத்தம் போனால், ஏறத்தாழ 30 மில்லிகிராம் இரும்பு அதனுடன் போய்விடுகிறது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் கூடுதல் இழப்பு என்று அதைக் கொள்ளலாம். நம் உணவிலுள்ள இரும்பில் உடல் ஏற்பது நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவே என்று கணக்கிட்டுத்தான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் பரிந்துரைக்கிறது. ஒரே சோற்றை ஒரே அளவில் உண்ணும் தம்பதியரில் யாருக்குப் பற்றாக்குறை வரும் என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. அவருக்கு மாதவிடாய் ஏழெட்டு நாட்கள் நீடிக்கிறது என்று நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அதுவே கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அவரிடம் இன்னொன்றையும் கேட்டுப்பாருங்கள்: பச்சரிசியையோ ஊறவைத்த அரிசியையோ வாயில் போட்டு மெல்லும் ஆசை அண்மையில் வந்திருக்கிறதா? சிரிப்பதற்குரிய கேள்வியன்று, இரும்புச்சத்துக் குறைவின் பழைய, நம்பகமான அடையாளங்களில் அது ஒன்று.

ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ரத்தமும் சந்திக்கும் இடம் இங்கே இருக்கிறது. சிவப்பணு ஓயாமல் ஆக்சிஜனைச் சுமப்பது. அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒரு சிறு பங்கு நாள்தோறும் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து, போகும்போது சூப்பராக்சைடை விட்டுச் செல்கிறது. இந்தச் செல்லுக்கு உட்கரு கிடையாது. புதிய நொதியைச் செய்துகொள்ளவும் இயலாது. பிறக்கும்போது கட்டிக்கொடுத்த கட்டுச்சோறாகிய கேட்டலேஸ், குளுட்டத்தயோன் பெராக்சிடேஸ் முதலியவற்றைக் கொண்டே 120 நாட்களையும் கழித்தாக வேண்டும். அந்தக் கேட்டலேஸின் நடுவில் அமர்ந்திருப்பதும் ஹீம் என்னும் இரும்புக்கூறுதான். இரும்பு போதாத காலத்தில் பிறக்கும் செல்கள் சிறுத்திருப்பதோடு, ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் திறனிலும் குன்றி, ஆயுளும் குறைந்தே வாழ்கின்றன. ஆகவே உங்கள் மனைவிக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்று ஏதேனும் கொடுக்க வேண்டுமென்றால், அது இரும்புச்சத்துதான்.

அதே இரும்பு உங்களுக்கு எதிர்மாறாக வேலை செய்யக்கூடும். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கட்டற்ற இரும்பு சேரும்போது மிகக் கடுமையான ஆக்சிஜனேற்றம் நிகழ்வதை 1894இலேயே ஃபென்டன் என்னும் வேதியியலாளர் கண்டறிந்தார். ஆண்களுக்கு மாதந்தோறும் வெளியேற்ற வழி இல்லை. தேவையின்றி உட்கொள்ளும் இரும்பு உடலில் சேரக்கூடும். ஒரு மாத்திரை அட்டையை வீட்டிலுள்ளவர்கள் பங்கிட்டுக்கொள்வது நம் பக்கத்தில் பாசத்தின் அடையாளம் என்பதை அறிவேன். இந்த ஓர் அட்டையை மட்டும் பங்கிடாதீர்கள்.

ஆண், பெண் வேறுபாடு குறித்து நீங்கள் கேட்டதில் ஹார்மோனுக்கும் ஓர் இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜனின் அமைப்பிலேயே ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் பகுதி இருக்கிறது. இளம் வயதில் பெண்களைவிட ஆண்களிடம் சேதத்தின் அடையாளங்கள் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதவிடாய் நின்றபின் அந்தச் சாதகம் குறைகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் கூடுதலாக இருப்பதும் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஆனால் பயிற்சியின்போது உண்டாகும் அழுத்தத்தில் இருபாலாருக்கும் என்ன வேறுபாடு என்று அளந்த மனித ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. என் கருத்தில், உங்கள் வயதுத் தம்பதியருக்கு ஈஸ்ட்ரோஜனைவிட இரும்பின் கையிருப்பே பெரிய வேறுபாடு. உடலின் "மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன்" என்று சொல்லிச் செய்யப்படும் விலையுயர்ந்த பரிசோதனைகளில் பணத்தைப் போடாதீர்கள். அந்த எண்ணில் பெரும்பங்கு யூரிக் அமிலத்தால் வருவது; மூட்டுவீக்கத்தோடு நொண்டிக்கொண்டு வருபவருக்கு அதில் முதல் மதிப்பெண் கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியவை சிலவே. உங்கள் மனைவிக்கு, இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் இரும்பின் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, கர்ப்பப்பைக் கட்டியோ தைராய்டுக் குறைவோ இந்தப் போக்குக்குக் காரணமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்ப முடியாது. இரும்பு மாத்திரையின் அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் உடல் அதைக் கூடுதலான விகிதத்தில் ஏற்கிறது என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, குடலில் இரும்பு ஏறுவதைத் தடுக்கிறது. அதனால் காலை நடை முடிந்து வீடு திரும்பியதும் மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. பத்து மணிக்கு நினைவு வந்து போடுவதில் பயன் குறைவு. அதனுடன் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேரட்டும். வைட்டமின் சிக்கு உரிய வேலை அங்கேதான் இருக்கிறது. தேநீரும் காபியும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகட்டும்.

அவர் நடக்கலாம், ஆனால் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் மட்டும். ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டும்வரை உங்கள் வேகத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு கூடுதல் நடை அடிக்கும் வண்டிபோல அவருடைய இதயம் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மாடி ஏறினால் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நடையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் ஞாயிற்று ஓட்டத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் 10 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓடித் தீர்ப்பதற்குப் பதிலாக வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பேருந்துப் புகை சூழ்ந்த புதுச்சேரி சாலையை விட்டுவிடுங்கள். ஓட்டத்தால் கூடும் மூச்சு அந்தப் புகையையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகிறது, அதுவும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுவதே. சில்வர் பீச்சின் ஈர மணல் போதும். புதுச்சேரிக்கு வரும் நாட்களில், மாலை முதல் காலை வரை வாகனங்களை விடாத கடற்கரைச் சாலை இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் சூரியன் மேலே வருவதற்குள் முடித்துவிடுங்கள். எப்போதேனும் ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து, அதே பரிசோதனைக்கூடத்தில், இரண்டு நாட்கள் கடும் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு, கால் மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருந்தபின் கொடுங்கள். நிற்பதற்கும் படுப்பதற்குமே ரத்தத்தின் நீர்ப்பகுதி பத்து விழுக்காட்டுக்குமேல் மாறக்கூடியது. அப்போதும் உங்கள் ஹீமோகுளோபின் 13க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, எம்.சி.வி. குறையத் தொடங்கியிருந்தாலோ, நான் மேலே எழுதிய நீர்த்தல் என்னும் விளக்கத்தை அத்தோடு விட்டுவிட்டு, மூலமோ குடற்புண்ணோ வழியாக ரத்தம் போகிறதா என்று தேட வேண்டியிருக்கும்.